ஜப்பானின் கைத்தறிப் பழந்துணிகள்: வாங்கியது, தொட்டது, கற்றது. உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

கியோட்டோவிலிருந்து:

கிமோனோ என்றால் பட்டு, கொக்கு, செர்ரிப் பூ, தங்க இழை என்று நினைத்துக்கொண்டு பழந்துணிச் சந்தைக்குப் போகிறவர்களுக்கு முதலில் தலை சுற்றுவது விலையைக் கேட்டுத்தான். இங்கே தோஜி கோயில் வளாகத்தில் மாதாமாதம் 21ஆம் தேதி சந்தை கூடும், 25ஆம் தேதி கிதானோ தென்மங்கு கோயிலில். இரண்டிலும் பட்டுக் கிமோனோக்கள் அட்டைப்பெட்டியில் குவிந்து கிடக்கும், ஆயிரம் யென்னுக்கே நல்லது கிடைக்கும். பக்கத்துக் கடையில் எவரோ விவசாயி வயலுக்கு உடுத்திப் போன, முட்டியில் ஒட்டுப் போட்ட நீலப் பருத்தித் துணிக்கு அதைப்போல் பல மடங்கு சொல்வார்கள். ஏன் இப்படி என்று ஒரு கடைக்கார அம்மாவிடம் கேட்டே விட்டேன். பட்டை எல்லாரும் பெட்டியில் பூட்டி வைத்தார்கள், அதனால் நிறைய மிஞ்சியிருக்கிறது. இதைக் கிழியும்வரை உடுத்தி, கிழிந்ததும் ஒட்டுப் போட்டு, பிறகு பிள்ளைக்கு மூத்திரத்துணியாக்கி, கடைசியில் தரை துடைத்துத் தீர்த்துவிட்டார்கள், மிச்சம் எப்படி இருக்கும் என்றார். அன்றிலிருந்து பட்டுப் பக்கம் நான் போவதில்லை.

நான் சேர்ப்பது கசூரி மட்டும். நூலை நெய்வதற்கு முன்பே ஆங்காங்கே இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்கி, கட்டிய இடம் வெள்ளையாக நிற்க, அந்த நூலைத் தறியில் ஏற்றி உருவம் கொண்டுவருவது. போச்சம்பள்ளிச் சேலை தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கியூஷூ தீவில் குருமே என்ற ஊர் இதற்குப் பெயர் போனது. அங்கே 1788இல் பிறந்த இனோவே தென் என்ற பெண், பன்னிரண்டு பதின்மூன்று வயதில், நைந்துபோன நீலத்துணியில் சாயம் போய் வெள்ளைப் புள்ளி விழுந்திருப்பதைப் பார்த்து, அதை இழை இழையாகப் பிரித்து, வெள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடித்து, அதே மாதிரி நூலைக் கட்டிச் சாயம் தோய்த்து நெய்தாள் என்பது அந்த ஊர்க் கதை. பின்னாளில் ஊர்ப் பெண்கள் ஏராளமான பேருக்குக் கற்றுக்கொடுத்தார். 1957இல் அரசு இதைக் காக்க வேண்டிய கலையாக அறிவித்தது. கையால் கட்டுவது, இயற்கை அவுரிச் சாயம், கையால் நாடா எறியும் தறி என்ற மூன்றும் இருந்தால்தான் அந்தத் தகுதி. அதே ஊரில் விசைத்தறியில் நெய்ததும் குருமே கசூரி என்றே விற்கிறது. அதுவும் நல்ல துணிதான், விலை மட்டும் வேறு.

சந்தையில் நான் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். முதலில் அகலம். பழைய கிமோனோத் துணி சுமார் 36 சென்டிமீட்டர் அகலத்தில்தான் இருக்கும், 12 மீட்டர் நீளம் ஓர் ஆளுக்கு. வளைத்து வெட்டுவது கிடையாது, எல்லாம் நேர்த்துண்டு. தையலைப் பிரித்தால் மறுபடி நீளத் துணியாகவே கையில் வரும். பிரித்து, துவைத்து, கஞ்சி போட்டு, பலகையில் ஒட்டிக் காயவைத்து, மறுபடி தைப்பது அந்தக் காலத்து வீட்டு வேலை. அடுத்தது, துணியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கசூரிக்கு முன்பக்கம் பின்பக்கம் என்று பெரிய வித்தியாசம் இருக்காது. பின்பக்கம் வெளுப்பாக இருந்தால் அது அச்சடித்த துணி, எவ்வளவு பழையதாகத் தெரிந்தாலும் சரி. அப்புறம் கரை. குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒவ்வொரு முறையும் கரையில் திரும்பிப் போகிறதல்லவா, அந்தத் திருப்பத்தில் குட்டிக் குட்டியாக வெள்ளைப் புள்ளிகள் ஏதோ ஓர் ஒழுங்கில் தெரியும். நெசவுக்காரி உருவத்தைச் சேர்க்க அந்தப் புள்ளிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். எனக்கு நடுவில் இருக்கும் ஆமையையும் மூங்கிலையும்விட அந்தக் கரையைப் பார்ப்பதில்தான் ஆசை.

ஈர வெள்ளைத் துணியால் தேய்த்து நீலம் ஒட்டினால் அது செயற்கைச் சாயம் என்று இங்கே நிறையப் பேர் சொல்வார்கள். நம்ப வேண்டாம். இயற்கை நீலமும் ஒட்டும். செடியிலிருந்து வந்த நீலமும் ஆலையில் செய்த நீலமும் வேதியியலில் ஒரே பொருள், கண்ணால் பார்த்து அடித்துச் சொல்கிறவர்களிடம் கொஞ்சம் எட்டி நில்லுங்கள்.

சரி, நீங்கள் சொல்லுங்கள். எங்கே பார்த்தீர்கள், என்ன வாங்கினீர்கள், யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

நகோயாவிலிருந்து:

அக்கா, நான் சேகரிப்பவன் இல்லை, கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. ஆனால் அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தபோது நடந்தது இந்தப் பேச்சுக்குப் பொருத்தம் என்பதால் எழுதுகிறேன். கோட்டை, கோயில், ஷாப்பிங் மால் எல்லாம் காட்டியும் அம்மாவுக்கு எதிலும் ஒட்டவில்லை. யாரோ சொல்லி அரிமாட்சுவுக்குக் கூட்டிப் போனேன், நகோயாவின் தென்கிழக்கு ஓரத்தில் மெய்டெட்சு ரயிலில் போகும் தூரம்தான். எடோவிலிருந்து (இன்றைய டோக்கியோ) கியோட்டோவுக்குப் போன பழைய நெடுஞ்சாலையான தோகைதோ அந்தத் தெரு வழியாகத்தான் போனது. 1608இல் அங்கே ஆட்களைக் குடியேற்றினார்கள், விவசாயத்துக்கு நிலம் போதவில்லை. அவர்களில் தாகேடா ஷோகுரோ என்பவர் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த கைத்துண்டுகளை வழிப்போக்கர்களுக்கு விற்க ஆரம்பித்ததிலிருந்து ஊரே அந்தத் தொழிலாகிவிட்டது. ஓடு வேய்ந்த பெரிய வியாபாரி வீடுகள் இன்னும் வரிசையாக நிற்கின்றன.

அங்கே ஷிபோரி என்கிற இந்த முடிச்சுச் சாயத்துக்குக் காட்சிக்கூடம் ஒன்று இருக்கிறது, மேல்தளத்தில் வயதான பெண்கள் உட்கார்ந்து கட்டிக் காட்டுவார்கள். அம்மா ஒரு பாட்டி பக்கத்தில் போய் நின்றார், நகரவே இல்லை. எங்கள் தெருவில் சுங்குடி கட்டும் சௌராஷ்டிரப் பெண்கள் இருந்தார்கள், அம்மா சின்ன வயதில் அவர்களோடு உட்கார்ந்து கட்டி நாலு காசு பார்த்தவர். இன்று கடையில் சுங்குடி என்று விற்பதில் பெரும்பாலும் முடிச்சே கிடையாது, மெழுகு அச்சு. அம்மா அந்தத் தொழிலை விட்டும் காலம் ஆகிவிட்டது. இருந்தும் பாட்டியின் கையைப் பார்த்ததும், "இவங்க எத்தனை சுத்து சுத்துறாங்கன்னு கேளுடா" என்றார். எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் கேட்டேன். பாட்டி பதில் சொல்வதற்குப் பதிலாக ஒரு வெள்ளைத் துண்டை அம்மா கையில் கொடுத்துவிட்டார்.

அம்மா துணியைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளி எடுத்து நூலைச் சுற்றி இறுக்கினார். பாட்டி அதை வாங்கிக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு தன் முறையைக் காட்டினார். அவர் முன்னால் ஒரு மரத்தாங்கி, அதில் கொக்கி. துணியின் நுனியைக் கொக்கியில் மாட்டிவிட்டால் இரண்டு கையும் நூலுக்கு. இன்னொரு வகை காட்டினார், மியுரா என்று பெயர், அதில் முடிச்சே இல்லை! கொக்கி ஊசியால் துணியைத் தூக்கி, நூலை ஒரு வளையம் போட்டு, அப்படியே அடுத்த புள்ளிக்குப் போய்விடுகிறார். சாயம் தோய்த்துக் காய்ந்ததும் நூலை இழுத்தால் வரிசையாகக் கழன்று வந்துவிடும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா இதையேதான் பேசிக்கொண்டிருந்தார். "நாங்க நகம் தேஞ்சு கிடந்தோம், இவங்க கொக்கி வெச்சு விரலைக் காப்பாத்திக்கிட்டாங்க" என்று.

அங்கே நூற்றுக்கு மேற்பட்ட கட்டு வகைகள் இருந்தன, ஒரு பெண் பெரும்பாலும் ஒரே வகையைத்தான் வாழ்நாள் முழுக்கக் கட்டுவாள், தாயிடமிருந்து மகளுக்கு அதே வகை போகும். அதனால் அந்தப் பெண் போனால் அந்த வகையும் போனது. கூலி ஏறியதும் கட்டும் வேலையில் ஒரு பகுதி சீனாவுக்குப் போனது. கடையில் விலைச்சீட்டைப் பார்த்து மலைக்காதீர்கள், எங்கே கட்டியது என்று கேளுங்கள், நேர்மையாகச் சொல்வார்கள். ஜூன் மாதத்தில் அந்தத் தெருவில் திருவிழா நடக்கும், அப்போது போனால் பேச ஆட்கள் கிடைப்பார்கள்.

ஹிரோசாகியிலிருந்து:

அண்ணா, உங்கள் அம்மா கதை பிரமாதம். நான் வடக்கே அவோமோரி மாவட்டத்தில் படிக்கிறேன். இங்கே பனிக்காலத்தில் கதவைத் திறந்தால் பனிச்சுவர்தான் தெரியும். இந்தக் குளிரில் பருத்தி விளையாது என்பதிலிருந்துதான் நான் சொல்லப்போகும் எல்லாமே தொடங்குகிறது. பருத்தி தெற்கிலிருந்து கப்பலில் வர வேண்டும். அதுவும் 1724இல் இந்தப் பகுதியை ஆண்ட ட்சுகாரு பிரபு போட்ட சிக்கனச் சட்டம் விவசாயிகள் பருத்தி உடுத்தக்கூடாது என்றது. ஆக, குளிருக்கும் கோடைக்கும் கஞ்சாச் செடி நாரில் நெய்த, காற்றுப் புகும் சல்லடைத் துணி ஒன்றுதான். (ஆமாம், அதே செடிதான். இங்கே அதை நாருக்காகக் காலங்காலமாகப் பயிரிட்டார்கள்.) அந்த ஓட்டைகளை நூலால் நிரப்பித் துணியைக் கனமாக்கியதுதான் கோகின். கொஞ்சம் பருத்தி நூல் கைக்கு எட்டியதும், நீலத்துணியில் வெள்ளை நூலால் தைத்தார்கள். கணக்கு மட்டும் ரொம்பக் கறார்: நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளில் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையாகத்தான் ஊசி தாண்ட வேண்டும். பக்கத்து நான்பு பகுதியில் இதேபோல ஒன்று உண்டு, அங்கே இரட்டைப்படை. அந்த ஒரு வித்தியாசத்தில் சாய்சதுரம் இங்கே நெட்டையாகவும் அங்கே குட்டையாகவும் வந்துவிடுகிறது.

உள்ளூர்க் கைவினை வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். வரைபடம் தருவார்கள் என்று நோட்டோடு போனேன், ஆசிரியை அதை மூடச் சொல்லிவிட்டார். ஒரு கரையில் தொடங்கி மறு கரைவரை எண்ணிக்கொண்டே போ, அடுத்த வரிசையில் ஓர் இழை தள்ளு, உருவம் தானாக வரும் என்றார். வந்தது! பூனைக்கண், அவரைக்கொட்டை, சுரைக்காய் என்று சின்னச் சின்ன உருவங்களுக்குப் பெயர் இருக்கிறது, எல்லாம் வீட்டைச் சுற்றிக் கிடக்கும் சாமான். துணியைத் திருப்பினால் வெள்ளையும் நீலமும் இடம் மாறி அதே உருவம் எதிர்மறையாகத் தெரியும். ஆசிரியை எங்கள் வேலையை மதிப்பிட்டது அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான். கியோட்டோ அக்கா சொன்னது இங்கேயும் செல்லும்.

பழைய கோகின் மூன்று வகை. ஹிரோசாகிக்கு மேற்கே சுமை தூக்குகிற ஊர்கள், அதனால் தோள்பட்டையில் நெருக்கமான கோடுகள், அங்கே தேய்மானம் அதிகம். கிழக்கே முதுகு முழுக்க ஒரே பெரிய உருவம். வடக்கே கனாகிப் பக்கம் மூன்று தடித்த பட்டைகள் கொண்டது, அடிக்கடி பஞ்சம் பட்ட பகுதி, அதனால் இன்று மிகக் குறைவாகக் கிடைப்பது அதுதான். வெள்ளை நூல் அழுக்கேறி நைந்ததும் முழுத்துணியையும் நீலத்தில் முக்கிவிடுவார்கள், வயதானவர்கள் அதை உடுத்துவார்கள். அப்படிப்பட்ட ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன், கருநீலத்துக்குள் கருநீலமாக அத்தனை தையலும் தெரிந்தது. இளம்பெண்ணாக இருந்தபோது கல்யாணத்துக்குத் தைத்ததைக் கிழவியானதும் சாயத்தில் மூழ்கடித்திருக்கிறாள்.

1891இல் டோக்கியோவின் உவேனோவிலிருந்து அவோமோரிவரை ரயில் ஓட ஆரம்பித்தது, மலிவுப் பருத்தி வந்து குவிந்தது, ஓரிரு தலைமுறையில் கோகின் ஓய்ந்துவிட்டது. யாருக்கு வருத்தம்? தைத்த பெண்களுக்கு நிச்சயமாக இல்லை என்று நினைக்கிறேன். பிறகு 1932இல், நாட்டுப்புறக் கைவினைக்காகக் குரல் கொடுத்த யானகி சோயெட்சு தன் பத்திரிகையில் இதைப் பற்றி எழுதியபோதுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. டோக்கியோ கொமாபாவில் அவர் 1936இல் தொடங்கிய நாட்டுப்புறக் கைவினை அருங்காட்சியகத்தில் இவற்றைக் காட்சிக்கு வைக்கும் பருவம் பார்த்துப் போங்கள்.

கியோட்டோவிலிருந்து:

தங்கச்சி, ஹிரோசாகியில் போரோத் துணிகளையும் பார்த்தாயா? அந்த ஒட்டுத்துணி விஷயம் தெரிந்தவர்கள் எழுதுங்களேன், இப்போது அதற்குத்தான் எல்லாரும் அடித்துக்கொள்கிறார்கள்.

ஹிரோசாகியிலிருந்து:

பார்த்தது இங்கே இல்லை அக்கா, டோக்கியோவில். அவோமோரிக்காரரான தனாகா சூசாபுரோ வீடு வீடாக நடந்து சேர்த்த துணிகள் அசாகுசாவில் அமியூஸ் அருங்காட்சியகத்தில் இருந்தன. 2009இல் திறந்தது, 2019இல் மூடிவிட்டார்கள். அங்கே தொடவே விட்டார்கள்! கண்ணாடிப் பெட்டி இல்லை. நான் கல்லூரி முதல் வருடத்தில் போனேன். தோன்ஜா என்று ஒரு படுக்கை உடை, உள்ளே நார்க்குப்பை அடைத்தது. இரண்டு கையால் தூக்க முயன்றேன், தூங்குகிற மனிதனைத் தூக்குவது மாதிரி இருந்தது. அதை விரித்துக் குடும்பமே உள்ளே படுத்துக்கொள்வார்களாம். பொதோகோ என்று இன்னொன்று, பிரசவத்தின்போது கீழே விரிக்கும் துணி. பாட்டி, கொள்ளுப்பாட்டி உடுத்திய துணித்துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தைத்தது. புதுப் பிள்ளை முதலில் வந்து விழுவது அந்தத் துணிமேல்.

சென்னையிலிருந்து:

துணி வியாபாரத்தில் முடி நரைத்தவன் என்ற முறையில் நான் ஒரு விஷயம் எச்சரிக்க வேண்டும். போரோ இப்போது கலைப்பொருள், சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். விலை ஏறிய இடத்தில் போலி வராமல் இருக்குமா? போன வருடம் ஓர் இணைய வியாபாரி எனக்கு ஒன்று காட்டினார், நூறு வருடப் பழசு என்றார், படம் அழகாக இருந்தது. வீடியோவில் காட்டச் சொல்லி, ஓர் ஒட்டின் ஓரத்தைத் தூக்கிக் காட்டுங்கள் என்றேன். உண்மையான துணியில் ஒட்டுக்கு அடியில் வெயில் படாத நீலம் கருநீலமாய், ஆழமாய், புதுசாய் இருக்கும், சுற்றிலும் வெளுத்திருக்கும். இவர் காட்டியதில் அடியும் மேலும் ஒரே வெளுப்பு. அதாவது முதலில் வெளுக்கவைத்து, பிறகு ஒட்டியிருக்கிறார்கள். அடுத்தது, ஒட்டு போட்டிருந்த இடம். முட்டி, பிட்டம், தோள், சுருக்குப்பை வாய், இங்கேதான் துணி தேயும். இவர் துணியில் மார்புக்கு நடுவே படம் வரைந்தது போல ஒட்டு. அங்கே என்னப்பா தேயும்? நூலும் எல்லா ஒட்டிலும் ஒரே நூல், ஒரே வயது. பல வருடம், பல கை பட்ட துணியில் அப்படி இருக்க வழியில்லை. கும்பிட்டுவிட்டுக் கழன்றுகொண்டேன்.

போலியைவிட எனக்கு எரிச்சல் இன்னொன்று: உண்மையான பழந்துணியை வாங்கிக் கத்தரித்துப் பையாக, சட்டை ஒட்டாக விற்பது. முழுத்துணி ஒன்று ஒரு குடும்பத்தின் வரவுசெலவுக் கணக்கு. வெட்டினால் வெறும் நீலக்கந்தல். இதைப் பற்றி இங்கே சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

எங்கள் ஊருக்கும் அந்த ஊருக்கும் இருக்கும் உண்மையான தொடர்பு வேறு பக்கம் இருக்கிறது. எடோ காலத்தில் (1603–1868) டச்சுக் கப்பல்கள் சோழமண்டலக் கரையிலிருந்து வர்ணம் தீட்டிய, அச்சடித்த பருத்தித் துணிகளையும் கோடுபோட்ட துணிகளையும் நாகசாகிக்குக் கொண்டுபோயின. பூப்போட்டதை சரசா என்பார்கள். அங்கே அது அவ்வளவு அரிது, தேநீர்ச் சடங்கில் தேயிலைத்தூள் சிமிழுக்குப் பை தைக்கக் கையகலத் துண்டையும் சேர்த்துவைத்தார்கள். ஹிகோனே பிரபு குடும்பம் சேர்த்த 450 துண்டுகள் இப்போது டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கோடுபோட்ட துணிக்கு அவர்கள் வைத்த பெயர் சாந்தோமே, நம் மயிலாப்பூர் சாந்தோம்தான். அதைப் பார்த்து அங்கேயே நெய்யத் தொடங்கி, மெல்லிய நூல், மெல்லிய கோடு என்று எடோ நகரத்து நாசூக்குக்கே அடையாளமாகிவிட்டது. சிபா மாவட்டத்தின் ததேயாமாவில் அந்த வழியில் இன்றும் கையால் நெய்கிறார்கள்.

நான் சேர்ப்பது துணியை அல்ல, கோடுபோட்ட துணிகளின் மாதிரிப் புத்தகங்களை. நெசவு வீடுகளில் பழைய கணக்கு நோட்டிலோ படித்து முடித்த புத்தகத்திலோ தாங்கள் நெய்ததையும், அடுத்த வீட்டில் பார்த்து ஆசைப்பட்டதையும் விரலளவு வெட்டி ஒட்டிவைப்பார்கள். என்னிடம் இருக்கும் ஒன்றில் நீலமும் பழுப்புமாகப் பக்கம் பக்கமாகக் கோடுகள், ஒரு பக்கத்தில் மட்டும் பாதியில் பசை தடவி எதுவும் ஒட்டாமல் விட்டிருக்கிறது. அடியில் நெல் விற்ற கணக்கு. ஒரு முழு போரோவின் விலையில் இப்படிச் சில புத்தகங்கள் வாங்கலாம், கற்றுக்கொள்ள அதில் இருப்பதுதான் அதிகம் என்பது என் கட்சி.

தோகுஷிமாவிலிருந்து:

சார், ஒட்டுக்கு அடியில் பார்க்கும் வித்தையை இன்றே குறித்துக்கொண்டேன். நீலத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே, நான் எழுதுகிறேன். எங்கள் குடும்பத்து நிலம் திண்டிவனம் பக்கம், அங்கே இன்னும் அவுரி போடுகிறவர்கள் உண்டு. செடியை அறுத்து வந்து தொட்டியில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கலக்கி அடித்து, நீலம் அடியில் படிந்ததும் காய்ச்சி வடிகட்டிக் கட்டியாக வெட்டிக் காயவைப்போம். ஜப்பானியச் செடி வேறு, குடும்பமே வேறு, முறையும் தலைகீழ். இங்கே இலையை ஊறவைப்பதில்லை, மக்கவைக்கிறார்கள்.

கோடையில் அறுத்து இலையைத் தண்டிலிருந்து பிரித்துக் காயவைப்பார்கள். செப்டம்பர் வாக்கில் பெரிய கொட்டகையில் மண்தரைமேல் குவித்துத் தண்ணீர் தெளிப்பார்கள். நாலைந்து நாளுக்கு ஒருமுறை கிளறி, மறுபடி தண்ணீர், மறுபடி மூடல். உள்ளே 60, 70 டிகிரி சூடு ஏறும். நான் ஒரு பண்ணையில் கூடமாட வேலை செய்தேன், கொட்டகைக் கதவைத் திறந்ததும் அமோனியா நெடி மூக்கைப் பிய்க்கும், கண்ணில் தண்ணீர் கொட்டும், கிளறும்போது எதிரில் நிற்பவர் ஆவியில் தெரியமாட்டார். எவ்வளவு தண்ணீர் என்பதைச் சொல்ல ஒருவர் இருப்பார், குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு வாளி, போதும் என்பார், அதற்கு மேல் அப்பீல் இல்லை. குளிர் கூடும்போது வைக்கோல் பாயால் போர்த்துவார்கள், அந்தப் போர்வையை மெத்தை என்றும் குவியலின் இடத்தைப் படுக்கை என்றும்தான் சொல்வார்கள். சுமார் 100 நாளில் அது கருமண் போல ஆகிவிடும், அதுதான் சுகுமோ. பார்த்தால் எருவென்றே நினைப்பீர்கள்.

சாயக்காரர் அதை வாங்கி மரச்சாம்பல் தெளிநீர், கோதுமைத் தவிடு, சுண்ணாம்பு, கொஞ்சம் சாக்கே மது எல்லாம் சேர்த்துத் தாழியில் புளிக்கவைப்பார். மேலே செந்நீல நுரை எழும்பி நின்றால் பூ வந்துவிட்டது என்பார்கள். துணியை முக்கி எடுக்கும்போது பழுப்புப் பச்சை, காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். கருநீலம் வேண்டுமானால் திரும்பத் திரும்ப முக்க வேண்டும். பழைய பருத்தித் துணியில் நீங்கள் காணும் அடர்ந்த நீலம் ஒரே முக்கில் வந்ததில்லை.

இங்கே பெரியவர்கள் ஒரு விஷயத்தைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், எங்கள் அவுரியை உங்கள் ஊர் அவுரிதான் முதலில் அடித்தது என்று. மெய்ஜி காலத்தில் (1868–1912) இந்திய நீலக்கட்டி மலிவாக இறங்கியது, அதன் பின்னாலேயே ஜெர்மானியச் செயற்கை நீலம். 1903 வாக்கில் உச்சத்தில் இருந்த சாகுபடி அதற்குப் பிறகு மளமளவென்று சரிந்தது. உலகப்போரின்போது உணவுப் பயிரைத் தவிர வேறு போடக்கூடாது என்றபோது ரகசியமாக விதையைக் காத்தவர்களால்தான் இன்று செடியே இருக்கிறது என்பார்கள். அய்சுமி ஊரில் பழைய அவுரி வியாபாரி மாளிகையே அருங்காட்சியகம், கைக்குட்டை ஒன்றை நீங்களே முக்கி எடுக்கலாம். நகத்தில் ஏறிய நீலம் போகச் சில நாள் ஆகும், அலுவலகக் கூட்டம் இருந்தால் கையுறை கேளுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து:

ஒக்கினாவாவை யாரும் தொடவில்லை. ஓகிமி கிராமத்தின் கிஜோகாவில் வாழைநாரில் நெய்கிறார்கள், பாஷோஃபு என்று. பழம் தரும் வாழை இல்லை, நாருக்கென்றே வளர்க்கும் வாழை. ஒரு கிமோனோ அளவுத் துணிக்கு சுமார் 200 மரம் வேண்டும். போர் முடிந்து ஊரே சாம்பலாகக் கிடந்த காலத்தில் அங்கே இதை மறுபடி எழுப்பியவர் தாயிரா தோஷிகோ. 2000இல் அரசு அவரை வாழும் தேசியச் செல்வமாக அறிவித்தது, 2022இல் 101 வயதில் காலமானார். நான் போனபோது பட்டறையில் ஒரு பெண் நாரை இழையாகக் கிழித்து நுனியோடு நுனி முடிந்துகொண்டிருந்தார், முடிச்சின் வாலை ஒட்ட நறுக்கிவிட்டு அடுத்தது. துணி முழுக்க அப்படி முடிந்த இழைதான். காற்று வறண்டால் நார் அறுந்துவிடும், மழைக்காலம்தான் நெய்ய உகந்தது என்றார். நாம் பூக்கட்டக் கிழிக்கிற நார், அனகாபுத்தூரில் சேலைக்குச் சேர்க்கிற நார். தொட்டால் மொடமொடவென்று இருக்கும், உடம்பில் ஒட்டாது, இந்த ஊர்ப் புழுக்கத்துக்கு அதைவிட ஒன்று கிடையாது. விலையைக் கேட்டேன், கேட்டதோடு சரி.

டோக்கியோ நிஷி-கசாயிலிருந்து:

எல்லாரும் அழகாக எழுதிவிட்டீர்கள், நான் நடைமுறை மட்டும். பழந்துணி வாங்கி வந்ததும் அலமாரிக்குள் வைக்காதீர்கள், பூச்சி கூடவே வரும். பருத்தி என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பில்லாமல் ஊறவையுங்கள், தண்ணீர் தேநீர் நிறத்தில் வரும், அது தூசியும் பழைய கஞ்சியும், பயப்பட வேண்டாம். நிழலில் உலர்த்துங்கள். பட்டுத்துணியையும் கோகினையும் நீங்களே நனைக்காதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள். மடிப்பு ஒரே இடத்தில் விழாமல் அவ்வப்போது மாற்றி மடியுங்கள், நீலத்துணி மடிப்பில்தான் முதலில் அறும். கற்பூரத்தையும் அந்துருண்டையையும் ஒன்றாகப் போடாதீர்கள், கலந்தால் உருகிக் கறை பிடிக்கும்.

கியோட்டோ சந்தைகளுக்குப் போக முடியாதவர்களுக்கு இங்கே செதகாயாவின் போரோஇச்சி இருக்கிறது. 1578இல் தொடங்கிய சந்தை, ஒரு காலத்தில் கந்தல் துணிதான் அங்கே முக்கியச் சரக்கு, இப்போது எல்லாம் விற்கும். டிசம்பர் 15, 16, அப்புறம் ஜனவரி 15, 16. என்ன கிழமையாக இருந்தாலும் அந்தத் தேதிதான், அலுவலகத்தில் முன்பே லீவு சொல்லிவிடுங்கள். காலை 9 மணிக்கே கூட்டம் நெரியும், மதியத்துக்கு மேல் நல்லது நிற்காது. சில்லறை யென் கையில் இருக்கட்டும், பழந்துணிக் கடைகளில் பலர் கார்டு வாங்கமாட்டார்கள். டிசம்பருக்கு நானும் சென்னை சாரின் மருமகளும் போகிறோம், சேர்ந்து வர விரும்புகிறவர்கள் கீழே எழுதுங்கள், காமிமாச்சி டிராம் நிறுத்தத்தில் நிற்போம்.

கியோட்டோவிலிருந்து:

டிசம்பர் 15க்கு நான் வருகிறேன். நகோயா தம்பி, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வர முடியுமா என்று பார்.